பாலக்காடு மணி ஐயர்

பாலக்காடு டி. எஸ். மணி ஐயர் (ஜூன் 10, 1912 – மே 30, 1981) தென்னிந்தியாவின் புகழ்பெற்ற மிருதங்கக் கலைஞர் ஆவார். கருநாடக இசைக் கச்சேரியில் பக்கவாத்தியமாக மட்டும் கருதப்பட்ட மிருதங்கத்திற்குப் பாடகருக்கு இணையான மதிப்பைப் பெற்றுத் தந்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதல் தாளவாத்தியக் கலைஞர் இவரே. தமது கலை குறித்து இவர் விதித்துக்கொண்ட கடுமையான நிபந்தனைகளும், அவற்றுள் ஒன்றைத் தாமே பின்னாளில் தளர்த்தியதும் இவரது வாழ்க்கையில் குறிப்பிடத்தக்கவை.

பிறப்பும் இளமையும்

மணி ஐயர் அன்றைய கொச்சி சமஸ்தானத்தில், பாலக்காட்டை அடுத்த திருவில்வாமலை வட்டாரத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். இப்பகுதி தற்போது கேரள மாநிலத்தின் திருச்சூர் மாவட்டத்தில் உள்ளது. இவரது இயற்பெயர் இராமசுவாமி. பாட்டனாரின் பெயரையே பேரனுக்கு இட்டனர். வீட்டில் அழைத்த மணி என்ற பெயரே பின்னர் நிலைத்துவிட்டது. தந்தையார் சேஷம் பாகவதர் ஒரு வாய்ப்பாட்டுக் கலைஞர். எனவே இவர் தாளத்தைக் கற்கும் முன்பே பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். இவரது பிற்கால வாசிப்பைப் புரிந்துகொள்ள இச்செய்தி முக்கியமானது.

பாலக்காட்டைச் சுற்றியுள்ள கல்பாத்தி, சாத்தபுரம் போன்ற அக்கிரகாரங்களில் வாழ்ந்தவர்களின் முன்னோர் தமிழகத்திலிருந்து, குறிப்பாகத் தஞ்சைப் பகுதியிலிருந்து, சென்று குடியேறியவர்கள். வீட்டுமொழி தமிழாகவும், சுற்றியிருந்த கோயில் விழாக்களின் ஒலி செண்டையும் மத்தளமும் இடைக்காயுமாகவும் இருந்த சூழல் அது. கேரளத் தாள மரபின் சாயல் மணி ஐயரின் வாசிப்பில் உண்டு என்று இசை ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

இவரது முதல் ஆசிரியர் சாத்தபுரம் சுப்பையர். பத்து வயதை ஒட்டியே அரிகதை நிகழ்ச்சிகளுக்கு வாசிக்கத் தொடங்கினார். அரிகதையில் கதை சொல்பவர் எப்போது பாடுவார், எப்போது பேச்சுக்குத் திரும்புவார், எந்த இடத்தில் வேகத்தைக் கூட்டுவார் என்பது முன்கூட்டியே தெரியாது. உடன் வாசிப்பவர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சிறுவனுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் அமைவது அரிது.

செம்பை வைத்தியநாத பாகவதர்

பாலக்காட்டுப் பகுதியின் மற்றொரு ஊரான செம்பையைச் சேர்ந்த வைத்தியநாத பாகவதர் (1896–1974) அப்போதே புகழ்பெற்ற பாடகராக இருந்தார். பதின்ம வயதில் இருந்த மணியைத் தம்முடன் சென்னை மேடைக்கு அழைத்துச் சென்றவர் அவரே. செம்பையின் பாட்டு, மைசூர் சௌடையாவின் ஏழு தந்தி வயலின், மணி ஐயரின் மிருதங்கம் ஆகிய மூன்றும் சேர்ந்த கச்சேரிகள் 1930களிலும் அதற்குப் பின்னரும் பெரும் வரவேற்பைப் பெற்றன.

செம்பை இளங்கலைஞர்களுக்குத் துணை நிற்பதில் பெயர் பெற்றவர். மணி ஐயரின் சமகாலத்தவரான பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கு (1908–1962) அவர் செய்த உதவியையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பிள்ளை இடது கை வாசிப்பாளர். வழக்கமாக மிருதங்கக் கலைஞர் பாடகரின் வலப்புறம் அமர்வார். அப்போதுதான் மிருதங்கத்தின் வலந்தலை அவையோரை நோக்கி இருக்கும். இடது கை வாசிப்பாளருக்கு இது தலைகீழாகிவிடும். அவர் பாடகரின் இடப்புறம் அமர வேண்டும், வயலின் கலைஞர் வலப்புறம் மாற வேண்டும். இதற்கு இணங்காத வயலின் கலைஞர்கள் இருந்தனர். அதனால் பிள்ளையின் வாய்ப்புகள் சுருங்கின. செம்பை உறுதியாக நின்று இடத்தை மாற்றி அமரச் செய்தார். பழனி சுப்பிரமணிய பிள்ளை, இராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதி, மணி ஐயர் ஆகிய மூவரும் அக்காலத்து மிருதங்க மும்மூர்த்திகள் எனப் பின்னர் போற்றப்பட்டனர்.

தஞ்சாவூரும் புதுக்கோட்டையும்

மிருதங்க வாசிப்பில் இரு பெரும் மரபுகள் கூறப்படுவதுண்டு. ஒன்று தஞ்சாவூர் நாராயணசாமி அப்பாவின் வழிவந்த தஞ்சை மரபு. மற்றொன்று கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையின் புதுக்கோட்டை மரபு. முன்னது பாட்டைத் தழுவிச் செல்வது, பின்னது கணக்கில் வலியது என்று பொதுவாகச் சொல்லப்படும். இப்பிரிவினையை மிகைப்படுத்தக் கூடாது. இரு மரபினரும் ஒருவரிடமிருந்து ஒருவர் தாராளமாக எடுத்துக்கொண்டனர்.

மணி ஐயர் மேடையில் பெயர் பெற்ற பின்னரும் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் மாணவராகச் சேர்ந்தார். கைதட்டல் கிடைத்துவிட்ட பின்பு மீண்டும் பாடம் கேட்க அமர்வது எளிதன்று. வைத்தியநாத ஐயரின் மற்றொரு மாணவர் டி. கே. மூர்த்தி.

புதுக்கோட்டை மரபின் பேராளுமையான தட்சிணாமூர்த்தி பிள்ளையுடன் (1875–1936) மணி ஐயர் பல கச்சேரிகளில் சேர்ந்து வாசித்தார். பிள்ளை கஞ்சிரா, இளைஞரான மணி மிருதங்கம். இத்தகைய மேடைகளில் தனி ஆவர்த்தனம் ஒருவகையில் போட்டி, மற்றொரு வகையில் வகுப்பு. மூத்தவர் வைக்கும் கணக்கை அந்த இடத்திலேயே கேட்டு, விளங்கிக்கொண்டு, அடுத்த சுற்றில் விடை தர வேண்டும். பிள்ளையின் தாக்கம் மணி ஐயரிடம் இறுதிவரை இருந்தது.

ஒத்திகையில்லாக் குழு

மணி ஐயரின் சாதனை என்ன என்பதை விளங்கிக்கொள்ள, கருநாடக இசைக் கச்சேரி இயங்கும் முறையைச் சற்று அறிந்திருத்தல் வேண்டும்.

மேற்கத்திய ராக் இசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் அக்குழுவின் நிலையான உறுப்பினர். ஒரே பாடல்களைப் பலமுறை ஒத்திகை பார்த்த பின்னரே மேடை ஏறுவார். குழு முழுவதும் அவரது தாளத்தைப் பிடித்துக்கொண்டு செல்லும். கருநாடக இசையில் இவை இரண்டும் இல்லை. பாடகர், வயலின், மிருதங்கம் ஆகிய மூவரையும் பெரும்பாலும் சபாவினரே அந்த ஒரு மாலைக்காகச் சேர்ப்பர். ஒத்திகை கிடையாது. என்ன பாடப்போகிறார் என்பதைக் கூடப் பல வேளைகளில் பாடகர் மேடையில்தான் முடிவு செய்வார். தாளத்தைக் காட்டுவது பாடகரின் கை. மிருதங்கக் கலைஞர் கடிகாரம் அல்லர். கடிகாரம் பாடகரின் தொடையில் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் மிருதங்கத்தின் வேலை என்ன?

மணி ஐயருக்கு முன்பும் இக்கேள்விக்குச் சிறந்த விடைகள் தந்தவர்கள் இருந்தனர். எனினும் பொதுவான வழக்கம், பாட்டு நடக்கும்போது தாளத்தை நிரப்பிக்கொண்டு செல்வதும், தனி ஆவர்த்தனம் வரும்போது திறமையைக் காட்டுவதுமாகவே இருந்தது. மணி ஐயர் தம் திறமையின் பெரும்பகுதியைப் பாட்டுக்குள்ளேயே செலவிட்டார். கீர்த்தனையின் பல்லவி எந்த எழுத்தில் எடுப்பாகிறது, அனுபல்லவியில் சொற்கள் எங்கே நெருங்குகின்றன, சரணத்தில் எங்கே நீள்கின்றன என்ற அமைப்பை மனத்தில் கொண்டு, அந்த அமைப்பையே மிருதங்கச் சொற்களில் வார்த்தார். சங்கதிகள் வளர வளர வாசிப்பும் வளரும். பாடகர் ஒரு வரியில் நிற்கும்போது மிருதங்கமும் நிற்கும். ஒலி நின்ற அந்த இடைவெளியையும் அவர் ஒரு சொல்லாகவே பயன்படுத்தினார்.

இதற்குக் கை வேகம் மட்டும் போதாது. ஏராளமான கீர்த்தனைகள் பாடமாகியிருக்க வேண்டும். தந்தையின் பாட்டு இங்குப் பயன்பட்டது. அரியக்குடி இராமானுச ஐயங்காரின் (1890–1967) கச்சேரிக்கும் ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் (1910–1965) கச்சேரிக்கும் ஒரே கீர்த்தனை வந்தாலும் வாசிப்பு வேறாக இருக்க வேண்டும். முன்னவர் இடைவிடாத நடுத்தர வேகத்தில் கச்சேரியை நடத்தியவர். பின்னவர் மின்னல் வேகப் பிருகாக்களுக்குப் பெயர் போனவர். மதுரை மணி ஐயரின் சுரங்களோ சர்வலகுவாக, ஊஞ்சல் ஆடுவது போல் செல்லும். ஆலத்தூர் சகோதரர்கள் சிக்கலான தாளக் கணக்குகளில் பல்லவி பாடுவதில் வல்லவர்கள். இவர்கள் அனைவருக்கும் மணி ஐயர் வாசித்தார். அவரவர் பாணிக்குத் தகுந்தவாறு தம்மை மாற்றிக்கொண்டார். ஆயினும் ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் இது மணி ஐயர் என்று இரசிகர்கள் அடையாளம் கண்டனர்.

அவ்வொலிக்குக் காரணம் இரு கைகளுக்கும் இடையே அவர் கண்ட சமநிலை என்பர். வலந்தலையில் சாப்பு, அரைச்சாப்பு, மீட்டு ஆகியவற்றின் தெளிவு ஒரு புறம். தொப்பி எனப்படும் இடந்தலையில், மணிக்கட்டை அழுத்தி நகர்த்தி எழுப்பும் கும்கி மறுபுறம். கும்கி என்பது கீழ்ச்சுருதியிலிருந்து மேலே வழுக்கிச் செல்லும் ஓசை. அளவுக்கு மீறினால் பாட்டை மூழ்கடித்துவிடும். மணி ஐயர் அதனை எண்ணி எண்ணிச் செலவிட்டார்.

தனி ஆவர்த்தனத்தின் கணக்கு

பாட்டுக்குள் அடங்கி வாசித்தவர் என்பதால் தனி ஆவர்த்தனத்தில் குறைந்தவர் என்று கருதிவிடலாகாது. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு அட்சரம். அட்சரத்திற்கு நான்கு மாத்திரையாகக் கொண்டால் 32 மாத்திரை. தனியின் இறுதியில் வரும் கோர்வை மும்முறை ஒலித்துச் சரியாக எடுப்பில் வந்து விழ வேண்டும். எடுத்துக்காட்டாக, இரண்டு ஆவர்த்தனத்துக்கு 64 மாத்திரை. 64 மூன்றால் வகுபடாது. எனவே 20 மாத்திரை கொண்ட சொற்கட்டை மும்முறை வாசித்து, இடையே இரண்டு இடங்களில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை விட்டால் 60 + 4 = 64 எனப் பொருந்தும். இது மிக எளிய கணக்கு. மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என நடைகளை மாற்றி, எடுப்பும் சமத்தில் இல்லாமல் தள்ளி அமைந்தால் கணக்கு கடினமாகும். தாளும் எழுதுகோலும் இன்றி, பலர் முன்னிலையில், கை ஓடிக்கொண்டிருக்கும்போதே இதனைச் செய்ய வேண்டும் என்பதைக் கணினி நிரல் எழுதிப் பழகியவர்கள் எண்ணிப் பார்க்கலாம். நிரலில் பிழை வந்தால் திருத்தி மீண்டும் ஓட்டலாம். மேடையில் அவ்வாறு இயலாது.

மணி ஐயரின் தனியில் கணக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பதில்லை. கணக்கு அறியாதவரும் அதை ஓர் ஓட்டமாகக் கேட்க முடியும், அறிந்தவர் கணக்கைப் பின்தொடர முடியும். சபாக்களில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து சிற்றுண்டிக்குச் செல்லும் வழக்கம் பழையது. மணி ஐயரின் தனியைக் கேட்பதற்கென்றே கச்சேரிக்கு வந்த கூட்டமும் உண்டு.

இசைத்தட்டுகளில் இவற்றையெல்லாம் முழுமையாகக் கேட்க இயலாது. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் மட்டுமே ஓடும். கீர்த்தனைக்கே இடம் போதாதபோது தனிக்கு வழியில்லை. வானொலி ஒலிப்பதிவுகளும், இரசிகர்கள் ஒலிநாடாவில் பதிந்து பாதுகாத்த கச்சேரிகளுமே பிற்காலத்தவருக்கு அவரது முழு வாசிப்பைக் காட்டுகின்றன.

கருவியும் அதைச் செய்தவரும்

மிருதங்கத்தின் உடல் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுகிறது. அதன் இரு முகங்களுக்கும் வார்களுக்கும் பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்கள் தேவை. வலந்தலையின் நடுவில் கல்பொடியும் சோறும் சேர்த்துத் தேய்த்த கரிய வட்டம் இருக்கும். தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவைப் பசை அப்பி, முடிந்ததும் வழித்து எடுப்பர். தோலின் பருமன், பதம், கரிய பூச்சின் அடுக்கு, வார்களின் இறுக்கம் ஆகியவற்றுள் ஒன்று பிசகினாலும் சுருதி நிற்காது. எனவே வாசிப்பவரின் நாதம் என்று நாம் கூறுவதில் பாதி, கருவி செய்தவரின் கையில் உள்ளது.

மணி ஐயருக்குப் பல பத்தாண்டுகள் மிருதங்கம் செய்து தந்தவர் தஞ்சாவூரைச் சேர்ந்த பர்லாந்து. செவித்தியான் என்பவரின் வழிவந்த தலித் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தாம் விரும்பிய நாதத்தை மணி ஐயர் விளக்க, பர்லாந்து தோலை மாற்றியும் மூட்டை மாற்றியும் சோதித்து அதனை உருவாக்க, இருவரும் நெடுங்காலம் சேர்ந்து உழைத்தனர். மேடையில் ஒருவர் பெயர் மட்டுமே அறிவிக்கப்பட்டது. மாட்டுத் தோலைக் கையால் பதப்படுத்துபவர் ஒரு சமூகத்தினராகவும், அக்கருவியை மேடையில் வாசித்துப் புகழ் பெறுபவர்களுள் பெரும்பாலோர் வேறு சமூகத்தினராகவும் இருந்ததே இதற்குக் காரணம்.

பாடகர் டி. எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்வோரின் வரலாற்றை ஆராய்ந்து எழுதிய செபாஸ்டியன் அண்ட் சன்ஸ் என்னும் ஆங்கில நூல் 2020-ஆம் ஆண்டு வெளியானது. செவித்தியான் குடும்பத்தின் பெயராலேயே நூலுக்குத் தலைப்பிடப்பட்டது. மணி ஐயர், பர்லாந்து ஆகியோரின் கூட்டுழைப்பு அதில் விரிவாகப் பேசப்படுகிறது. வெளியீட்டு விழாவுக்குக் கலாசேத்திரா அளித்திருந்த அரங்க அனுமதி திரும்பப் பெறப்பட்டு, விழா சென்னை ஆசிய இதழியல் கல்லூரியில் நடைபெற்றது. மணி ஐயரைப் பற்றி அதற்கு முன் எழுதப்பட்ட வாழ்க்கைக் குறிப்புகள் பலவற்றில் பர்லாந்தின் பெயரே காணப்படவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

நிபந்தனைகள்

மணி ஐயர் தம் நிலையில் விடாப்பிடியானவர். ஒலிபெருக்கி அவருக்குப் பிடிக்கவில்லை. 1930களிலிருந்து சென்னை சபாக்களில் ஒலிபெருக்கி பரவியது. அரங்குகள் பெரிதாயின. பாடகர்கள் மெல்லிய குரலில் பாடினாலும் கடைசி வரிசை வரை கேட்டது. ஆனால் தோலின் நுண்ணிய ஓசைகளை அன்றைய ஒலிபெருக்கிகள் சிதைத்தன. கும்கி வெறும் முழக்கமாகக் கேட்டது. வாசிப்பவர் தாம் எழுப்பும் ஒலிக்கும் அவையினர் கேட்கும் ஒலிக்கும் தொடர்பில்லாமல் போவதை அவர் ஏற்கவில்லை. ஒலிபெருக்கி வைத்தால் வாசிப்பதில்லை என்று ஒரு காலகட்டத்தில் மறுத்தார். அதனால் ஒலிபெருக்கி இன்றியே கச்சேரிகள் நடத்தப்பட்டதும் உண்டு. பெரிய அரங்கில் பின்வரிசையினருக்கு இது இழப்பே. எனினும் ஒரு பக்கவாத்தியக் கலைஞர் இவ்வாறு நிபந்தனை விதிக்க முடிந்தது என்பதே அவர் அடைந்திருந்த இடத்தைக் காட்டுகிறது.

மற்றொரு நிபந்தனை அவ்வளவு எளிதில் நியாயப்படுத்தக் கூடியதன்று. அவர் பெண் பாடகர்களுக்கு வாசிப்பதில்லை. அக்காலத்து முன்னணி ஆண் கலைஞர்கள் பலரிடம் இவ்வழக்கம் இருந்தது. இதற்குச் சுருதி ஒரு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒரு கட்டை முதல் இரண்டரைக் கட்டை வரையிலும், பெண்கள் நாலரை முதல் ஆறு கட்டை வரையிலும் பாடுவர். உயர்ந்த சுருதிக்கு நீளம் குறைந்த வேறு மிருதங்கம் வேண்டும், தோலையும் மிக இறுக்க வேண்டும், அதில் நாதம் வேறாக இருக்கும். இது உண்மையே. ஆனால் அக்கருவியையும் பலர் சிறப்பாக வாசித்துள்ளனர். மணி ஐயருடன் ஒரே ஆசிரியரிடம் பயின்ற டி. கே. மூர்த்தி, எம். எஸ். சுப்புலட்சுமிக்கு நெடுங்காலம் வாசித்தார். தட்சிணாமூர்த்தி பிள்ளையோ பெண்ணுக்கு மிருதங்கத்தையே கற்பித்தார். அவரது மாணவியான திருக்கோகர்ணம் இரங்கநாயகி அம்மாள் (1910–1998) மேடையில் மிருதங்கம் வாசித்த முதல் பெண்மணியாக அறியப்படுகிறார். ஆகவே மறுப்பின் வேர் சுருதியில் இல்லை. முதல் வரிசைப் பக்கவாத்தியக்காரர்கள் மறுத்தபோது இழப்பு பெண் பாடகர்களுக்கு மட்டும் ஏற்படவில்லை. மணி ஐயரின் கை, எம். எஸ். போன்றோரின் பாட்டுக்கு அவரது உச்ச காலத்தில் எவ்வாறு பேசியிருக்கும் என்பதை அறியும் வாய்ப்பை இரசிகர்களும் இழந்தனர்.

இந்நிபந்தனை ஒரு திருமணத்தால் தளர்ந்தது. மணி ஐயரின் மகள் லலிதாவுக்கும் புகழ்பெற்ற பாடகி டி. கே. பட்டம்மாளின் (1919–2009) மகன் சிவகுமாருக்கும் மணம் நடந்தது. சம்பந்தியான பின்னர் மணி ஐயர் பட்டம்மாளின் கச்சேரிகளுக்கு வாசிக்கலானார். பட்டம்மாள் கனத்த, தாழ்ந்த குரலும் பல்லவி பாடுவதில் பெரும் தேர்ச்சியும் உடையவர். பெண்கள் இராகம் தானம் பல்லவி பாடுவது அரிதாக இருந்த காலத்தில் அதைத் துணிந்து மேடையில் பாடியவர். மணி ஐயருக்குத் தகுதியான துணை அவர் என்பதில் ஐயமில்லை. அத்தகுதி அவருக்குத் திருமணத்துக்கு முன்பும் இருந்தது. இவ்விருவரின் பேத்தி பாடகி நித்யஸ்ரீ மகாதேவன்.

வெளிநாட்டுப் பயணமும் பிற்காலமும்

1965-ஆம் ஆண்டு இசுக்காட்லாந்தில் நடைபெற்ற எடின்பரோ விழாவில் கே. வி. நாராயணசாமியின் (1923–2002) பாட்டுக்கு லால்குடி ஜெயராமன் வயலினும் மணி ஐயர் மிருதங்கமும் வாசித்தனர். கருநாடக இசைக் கச்சேரியை அதன் முழு வடிவில் மேற்கு நாட்டு அவையினர் கேட்ட தொடக்க கால நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று. நாராயணசாமியும் பாலக்காட்டுக்காரரே. இளமையில் அவரை ஆதரித்து, அரியக்குடியிடம் மாணவராகச் சேர வழி செய்தவர் மணி ஐயர். செம்பை தமக்குச் செய்ததை அவர் மற்றொருவருக்குச் செய்தார்.

பிற்காலத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள, ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியில் தங்கி மிருதங்கம் கற்பித்தார். சபாக்களின் பரபரப்பிலிருந்து விலகிய அச்சூழல் அவருக்குப் பிடித்திருந்தது. 1981 மே 30 அன்று தமது 68-ஆம் வயதில் காலமானார்.

மாணவர்கள்

இரங்கூனில் பிறந்த பாலக்காடு ஆர். ரகு (1928–2009) இவரது முதன்மை மாணவர்களுள் ஒருவர். உமையாள்புரம் கா. சிவராமன் நால்வரிடம் பயின்றவர். அருபதி நடேச ஐயர், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர், கும்பகோணம் இரங்கு ஐயங்கார் ஆகியோருடன் மணி ஐயரும் அந்நால்வருள் அடங்குவார். மாவேலிக்கரை கிருஷ்ணன்குட்டி நாயரும் கமலாகர் ராவும் இவரிடம் பயின்றோரே. மகன்கள் டி. ஆர். இராஜாமணி, டி. ஆர். இராஜாராம் ஆகியோரும் மிருதங்கம் வாசித்தனர். மாணவர்கள் எவரும் மணி ஐயரின் நகல் அல்லர். ரகுவின் வாசிப்பில் கணக்கும் வேகமும் மேலோங்கின. சிவராமன் கருவியிலேயே மாற்றங்களைச் சோதித்து, கண்ணாடியிழையால் மிருதங்க உடலைச் செய்வதிலும் ஈடுபட்டார்.

விருதுகள்

1956-ஆம் ஆண்டு சங்கீத நாடக அகாதமி விருதும், 1966-ஆம் ஆண்டுக்கான சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதும், 1971-இல் இந்திய அரசின் பத்மபூசண் விருதும் மணி ஐயருக்கு வழங்கப்பட்டன. சங்கீத கலாநிதி அதுவரை பாடகர்களுக்கும் வயலின், வீணை, புல்லாங்குழல், நாதசுரம் முதலியவற்றை வாசித்தோருக்கும் இசையறிஞர்களுக்குமே அளிக்கப்பட்டு வந்தது. அவ்விருதைப் பெற்ற அடுத்த மிருதங்கக் கலைஞர் அவரது மாணவர் உமையாள்புரம் சிவராமன், ஆண்டு 2001. இடையில் 35 ஆண்டுகள் கடந்திருந்தன. பழனி சுப்பிரமணிய பிள்ளைக்கும் முருகபூபதிக்கும் இவ்விருது வழங்கப்படவேயில்லை.